ஓட்டல், மண்டப மிச்ச உணவில் வெண்பன்றி வளர்ப்பு: காவிரி டெல்டாவுக்கான முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் போன்ற ஊர்களின் ஓட்டல்களிலும் மெஸ்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மிஞ்சும் உணவை முறையாகச் சேகரித்து வேகவைத்துக் கொடுத்தால், வெண்பன்றிப் பண்ணையின் மிகப் பெரிய செலவான தீவனச் செலவைக் கணிசமாகக் குறைக்கலாம். புதிதாக வருகிறவர்களில் பலர் செய்வது இதுதான்: முதலில் குட்டிகளை வாங்கிவிடுகிறார்கள், பிறகு கொட்டகை போடுகிறார்கள், அதன் பிறகு மிச்ச உணவு தேடி அலைகிறார்கள், வேகவைக்கும் ஏற்பாட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள். இந்த வரிசையை மாற்றி, மற்ற ஏற்பாடுகள் எல்லாம் முடிந்த பிறகே குட்டி வாங்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த மாற்றிய வரிசையில் அமைந்துள்ளன. ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது.

1. இடமும் அனுமதியும்

ஊராட்சி அல்லது நகராட்சியின் எழுத்துப்பூர்வமான அனுமதி கையில் வரும் முன் செங்கல் இறக்கக் கூடாது. குடியிருப்பிலிருந்து நன்றாகத் தள்ளியும், உணவு எடுக்கும் ஊரிலிருந்து வண்டி அரை மணி நேரத்துக்குள் வந்து சேரும்படியும் இடம் பார்க்க வேண்டும். தூரம் கூடினால் டீசல் செலவோடு, வழியிலேயே உணவு கெடும் நேரமும் கூடுகிறது.

குடியிருப்பிலிருந்து தள்ளியிருக்க வேண்டும் என்பதற்கு நாற்றம் மட்டும் காரணமன்று. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் க்யூலெக்ஸ் வகைக் கொசுக்கள் நெல் வயலில் தேங்கிய நீரில் பெருகுகின்றன. அந்த நோயின் வைரஸ் பன்றியின் உடலில் பெருகி, அதைக் கடித்த கொசு வழியாக மனிதருக்கு வருகிறது. வயலும் பன்றியும் அருகருகே இருக்கும் டெல்டாவில் இதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. கொட்டகையின் பக்கங்களைக் கொசுவலையால் அடைப்பதும், சுற்றிலும் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதும் பண்ணையில் வேலை செய்கிறவர்களின் குழந்தைகளுக்காகவும் செய்ய வேண்டிய காரியங்கள்.

தரையின் உயரத்தை ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்துத் தீர்மானிக்க வேண்டும். அந்த இடத்தில் தண்ணீர் ஏறிய மிக உயர்ந்த மட்டம் எது என்பதை அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் கேட்டு, அதற்கு மேல் இரண்டடியாவது மேடாக்கிய பிறகே சிமெண்ட் தரை போட வேண்டும். கோடையில் நிலம் பார்த்து வாங்கியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

2. உணவு எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு

குட்டி வாங்குவதற்கு முன் குறைந்தது ஒரு மாதமாவது, உணவு கிடைக்கும் இடங்களில் தினமும் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை எடைபோட்டு எழுதிவைக்க வேண்டும். ஓட்டல்காரர் சொல்லும் அளவு பெரும்பாலும் பாத்திரக் கணக்கில் இருக்கும். நமக்குத் தேவை கிலோ கணக்கு.

மண்டபத்தை மட்டும் நம்பித் தொடங்குவது பெரிய பிழை. வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் ஒரே மண்டபத்தில் பன்றிகளால் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு மிஞ்சும். ஆடியிலும் மார்கழியிலும் கதவே திறக்காது. எனவே அன்றாடம் அடுப்பு எரியும் இடங்களை, அதாவது மாணவர் விடுதி, மெஸ், ஓட்டல் ஆகியவற்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மண்டபத்தை உபரியாகக் கருத வேண்டும்.

கூடுமானவரை சைவச் சமையல் கூடங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பன்றி இறைச்சி சமைக்கும் அல்லது விற்கும் எந்த இடத்திலிருந்தும் ஒரு பிடி உணவுகூட எடுக்கக் கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலின் வைரஸ் பன்றி இறைச்சியில், உப்பிட்டதிலும் பதப்படுத்தியதிலும்கூட, நெடுங்காலம் உயிர்ப்புடன் இருக்கும். இந்தியாவில் 2020இல் வடகிழக்கில் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்ட அந்த நோய் இப்போது பல மாநிலங்களில் தலைகாட்டியிருக்கிறது; அதற்கு மருந்து கிடையாது.

உணவு தருகிறவரிடம், அது பன்றிக்குத்தான் போகிறது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மாட்டுக்கு என்று சொல்லி வாங்கிய உணவு, விஷயம் தெரிந்த அன்றே நின்றுவிடும். அதற்குள் கொட்டகையில் பன்றிகள் இருக்கும். கோயில் அன்னதானக் கூடங்களில் இதற்குச் சம்மதிக்காதவர்கள் உண்டு. அவர்கள் மனத்தை மதித்து விலகிவிடுவதே முறை.

3. எத்தனை பன்றி வளர்க்கலாம்

கணக்குக்கு அடிப்படை ஈர எடை அன்று, அதில் உள்ள காய்ந்த பொருள். ரசமும் மோரும் கலந்த ஒரு கிலோ உணவும், வெறும் சோறாக இருக்கும் ஒரு கிலோ உணவும் பன்றிக்கு ஒன்றாகா. இதை வீட்டிலேயே அளந்துவிடலாம்: இலை, எலும்பு நீக்கிக் கலக்கிய உணவில் சரியாக ஒரு கிலோ எடுத்து, அகலத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மொறுமொறுவென்று ஆகும்வரை வெயிலில் காயவைத்து மீண்டும் நிறுக்க வேண்டும். பெரும்பாலும் 200 முதல் 300 கிராம் நிற்கும்.

ஐம்பது கிலோ எடையுள்ள பன்றிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ காய்ந்த பொருள் வேண்டும். அதில் பாதிக்குச் சற்று மேல் மிச்ச உணவிலிருந்து வருவதாக வைத்தால் நாளொன்றுக்கு ஐந்து கிலோ ஈர உணவு. எழுபது கிலோவைத் தாண்டிய பன்றிக்கு ஏழு கிலோ. தினம் 100 கிலோ எடுத்துவந்தால் இலையும் எலும்பும் குப்பையுமாக ஏறக்குறைய கால் பங்கு கழிந்துவிடும். மீதமுள்ள 75 கிலோ, பத்து முதல் பன்னிரண்டு பன்றிகளுக்குப் போதும். இந்தக் கணக்கை ஆடி மாத வரத்தை வைத்துப் போட வேண்டும். தை மாத வரத்தை வைத்துப் போட்டவர்கள் மார்கழியில் கடன் வாங்கித் தீவனம் வாங்குகிறார்கள்.

4. இடத்தை இரண்டாகப் பிரித்தல்

பண்ணையில் ஒரு பக்கம் பச்சை உணவு, அதாவது வேகாத கழிவு, வந்து இறங்கும் பக்கம். மறுபக்கம் வெந்த உணவும் பன்றிகளும் இருக்கும் பக்கம். வேகவைக்கும் அடுப்பு இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். வண்டி, காலி டிரம், பிரிக்கும் மேடை ஆகிய எல்லாம் முதல் பக்கத்தோடு நின்றுவிட வேண்டும். அங்கே கழுவும் தண்ணீர் பன்றிக் கொட்டகைப் பக்கம் ஓடாதபடி தரையின் வாட்டம் எதிர்ப்புறம் இருக்க வேண்டும்.

வாளி, துடுப்பு, மண்வெட்டி எல்லாம் இரண்டு தொகுதிகளாக, இரு வேறு நிறங்களில் இருக்கட்டும். ஒரு மணி நேரம் பாடுபட்டு வேகவைத்த உணவை, காலையில் பச்சைக் கழிவை அள்ளிய அதே வாளியில் எடுத்துக்கொண்டு போய் ஊற்றுவதுதான் நான் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை. அந்த நொடியிலேயே வேகவைத்த பலன் போய்விடுகிறது. செருப்புக்கும் இதே விதிதான்: அடுப்பைத் தாண்டும் இடத்தில் வேறு செருப்பு, கைகழுவத் தண்ணீரும் சோப்பும்.

பிரிக்கும் மேடைக்கு மேல் வலை அவசியம். காக்கை ஒரு எலும்புத் துண்டைக் கவ்விக்கொண்டு போய்க் கொட்டகைக் கூரையில் உட்கார்ந்து கொத்தினால், அது விழுவது பன்றியின் தொட்டியில்.

5. எடுத்துவருதல்

மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்கள் இரண்டு செட் வேண்டும்: ஒன்று ஓட்டலில் இருக்கும்போது மற்றொன்று பண்ணையில் கழுவிக் காயும். ரசாயனமோ பூச்சிமருந்தோ இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

ஒவ்வோர் இடத்திலும் இரண்டு டிரம் வைப்பது நல்லது: சமையலறை மிச்சத்துக்கு ஒன்று, இலையிலும் தட்டிலும் மிஞ்சியதற்கு ஒன்று. பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து சோப்புத் தண்ணீர் எதிலும் சேரக் கூடாது என்பதைக் கழுவுகிறவர்களிடமே நேரில் சொல்ல வேண்டும். முதலாளியிடம் சொன்னது அவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை.

பந்தி முடிந்த சில மணி நேரத்துக்குள் உணவு பண்ணைக்கு வந்துவிட வேண்டும். இரவு வரவேற்பு முடிந்து பத்து மணிக்கு மேல் கிடைப்பதை அன்றிரவே எடுத்துவந்து விடியற்காலையில் வேகவைக்கலாம். மண்டபத்திலேயே விட்டுவைத்து மறுநாள் மதியம் எடுக்கக் கூடாது. இலேசாகப் புளித்தது பரவாயில்லை. பூஞ்சை பிடித்ததை மட்டும் எந்த நிலையிலும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பூஞ்சை உண்டாக்கும் நச்சு வேகவைத்தாலும் போகாது.

6. பிரித்தெடுத்தல்

இது கையால்தான் ஆக வேண்டும். கையுறையும் நல்ல வெளிச்சமும் தேவை. டிரம்மை மேடையில் கவிழ்த்துக் குவியலாக விட்டுக் கிளறக் கூடாது. ஒரு விரற்கடை உயரத்துக்குப் பரப்ப வேண்டும். அப்போதுதான் சாம்பார் கட்டிய பார்சல் கவரின் முடிச்சு, ரப்பர் வளையம், வாழை இலையைக் கோத்த ஈர்க்குச்சி, பாயசக் கப், ஐஸ்கிரீம் கரண்டி, டிஷ்யூ காகிதம், பீடாவில் குத்திய பல்குத்தி எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பார்சல் பொட்டலத்தில் அடித்த ஸ்டேப்ளர் பின் சோற்றுக்குள் மறைந்துகொள்ளும். ஒரு காந்தத்தைக் குச்சியில் கட்டி மேடை முழுவதும் ஒருமுறை இழுத்துவிட்டால் அதுவும் வந்துவிடும்.

அசைவக் கடை உணவு வந்திருந்தால் கோழி எலும்பும் மீன் முள்ளும் தனியாகப் போக வேண்டும், ஏனெனில் அவை குடலைக் கிழிக்கும். ஊறுகாயும் கருவாடும் உப்புக்காக விலக்கப்பட வேண்டியவை. அரைபட்ட வாழை இலையைப் பன்றி தின்னும் என்றாலும் அதில் சத்து குறைவு, வயிற்றை மட்டும் நிரப்பும். ஆகவே அது எருக்குழிக்கே போகட்டும். பயன்படுத்திய எண்ணெயைச் சேர்த்துக் கொடுத்தால் எடை கூடும் என்று சிலர் கேட்டுவாங்கி ஊற்றுகிறார்கள். கெட்டுப்போன எண்ணெய் உடலில் உள்ள வைட்டமின் இ சத்தைக் கரைத்து, கொழுப்பையும் இளக்கிவிடுகிறது; அதைத் தொடவே வேண்டாம்.

7. வேகவைத்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் ஒருவர் படிப்பார் என்றால் அது இந்தப் படியாக இருக்க வேண்டும். பன்றிக் காய்ச்சல் (மனிதருக்கு வரும் ‘பன்றிக் காய்ச்சல்’ அன்று, பன்றிகளைத் தாக்கும் ஸ்வைன் ஃபீவர்), ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், கோமாரி ஆகிய மூன்றும் வேகாத மிச்ச உணவின் வழியாக வரக்கூடியவை. இங்கிலாந்தில் 2001இல் நாட்டையே உலுக்கிய கோமாரி, வேகாத உணவுக் கழிவைத் தின்ற ஒரு பன்றிப் பண்ணையில்தான் தொடங்கியது என்று கண்டறிந்து, அந்நாடு இந்தப் பழக்கத்தையே தடைசெய்துவிட்டது.

உலக விலங்கு சுகாதார அமைப்பு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்காக வகுத்துள்ள அளவு: குறைந்தது 90 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், இடைவிடாமல் கிளறியபடி, குறைந்தது 60 நிமிடம். இதில் வெப்பம், நேரம், கிளறல் ஆகிய மூன்றும் சேர்ந்தே வர வேண்டும்.

அகலமான வாயுள்ள இரும்பு அண்டா அல்லது பாதியாக அறுத்த சுத்தமான இரும்பு டிரம் போதும். முதலில் அதன் கால் பங்குக்குத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். அதன் பிறகே பிரித்த உணவைச் சிறிது சிறிதாகக் கொட்ட வேண்டும். முதலிலேயே உணவைக் கொட்டினால் அடி பிடித்துக் கருகி, மேலே பச்சையாகவே நிற்கும். கருகிய வாடை ஏறிய உணவைப் பன்றிகூட ஒதுக்கும். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் கிளறவும் முடியாது, பொங்கி அடுப்பையும் அணைக்கும்.

ஓரங்களில் குமிழி கிளம்பியதும் கொதித்துவிட்டது என்று நேரம் பார்க்கத் தொடங்குகிறார்கள். அது கொதி அன்று. மண்டபத்துச் சோறு வெட்டிய களிமண்போலப் பாளம் பாளமாக இருக்கும். அந்தப் பாளத்தின் நடுப்பகுதி, சுற்றிலும் கொதிக்கும்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். துடுப்பால் எல்லாப் பாளங்களையும் உடைத்துக் கஞ்சிப் பதத்துக்குக் கொண்டுவந்து, நீண்ட கம்பியுள்ள வெப்பமானியை அண்டாவின் நடுவிலும், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்திலும், ஓரத்திலும் வைத்துப் பார்த்து, மூன்று இடத்திலும் 90ஐத் தாண்டிய பிறகே மணியைக் குறிக்க வேண்டும். நடுவில் யாராவது இன்னொரு வாளி பச்சை உணவைக் கொட்டினால் அந்த ஒரு மணி நேரம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. இதை அடுப்படியில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது நல்லது.

எரிபொருளுக்கு டெல்டாவில் குறையில்லை. அரிசி ஆலை உமி மலிவு, ஆனால் அதற்கென்று அமைத்த உமி அடுப்பு வேண்டும். சாதாரண அடுப்பில் புகைந்துகொண்டே இருக்கும். சவுக்கும் சீமைக் கருவேலமும் நின்று எரியும். தென்னை மட்டை வேகமாக எரிந்து அடங்கிவிடுவதால் பற்றவைக்க மட்டும் உதவும். மழைக்கால விறகை ஆவணிக்குள் கூரைக்கடியில் அடுக்கிவிட வேண்டும். கார்த்திகையில் விறகு நனைந்துவிட்டது என்று அரைவேக்காட்டில் இறக்கிய நாட்கள்தான் பண்ணைக்கு ஆபத்தான நாட்கள். அப்படிப்பட்ட நாளில் வேகவைக்க முடியாவிட்டால் கைவசமுள்ள அடர்தீவனத்தைக் கொடுத்துவிட்டு, எடுத்துவந்த உணவை எருக்குழியில் போட்டு மூடிவிட வேண்டும்.

புளிக்கவைத்தால் போதும், வேகவைக்கத் தேவையில்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். புளிக்கவைப்பது உணவைச் சில நாள் கெடாமல் வைக்கும். இந்த வைரஸ்களை உறுதியாக அழிக்கும் என்று அதை நம்ப முடியாது.

8. ஆறவைத்துக் கொடுத்தல்

வெந்த உணவை, வெந்த பக்கத்துப் பாத்திரத்தில் அகலமாகப் பரப்பி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கொடுக்க வேண்டும். சோற்றில் இருக்கும் சில நுண்ணுயிர்களின் விதைகள் கொதியிலும் சாகாமல், வெதுவெதுப்பில் மீண்டும் முளைத்துப் பெருகும். ஆகவே வெந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். பன்றிக்கு வியர்த்துக் குளிரும் திறன் இல்லாததால், கோடையில் நண்பகலில் கொடுத்தால் தின்னாமல் விட்டுவிடும். காலை ஏழு மணிக்குள் ஒரு வேளை, மாலை ஐந்துக்குப் பிறகு ஒரு வேளை என்பது இப்பகுதி வெயிலுக்குப் பொருந்தும்.

9. இப்போது குட்டிகள்

மேலே சொன்னவை ஒரு வாரம் தடையின்றி நடந்த பிறகே குட்டிகளை வாங்க வேண்டும். பால் மறந்து, 15 கிலோ எடையை எட்டிய, பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்ட குட்டிகளை, தடுப்பூசி விவரம் எழுதித் தரும் பண்ணையிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். ஒரத்தநாட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் நம்பகமான பண்ணைகளைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் விசாரிக்கலாம். சந்தையில் பல ஊர்க் குட்டிகள் கலந்து நிற்கும்; விலை குறைவு என்பதற்காக அங்கே வாங்குவது நோயையும் சேர்த்து வாங்குவது.

எங்கே வாங்கினாலும் மூன்று வாரமாவது தனிக் கொட்டிலில் வைத்துப் பார்த்து, குடற்புழு நீக்கிய பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

10. எதைச் சேர்த்து, எந்த அளவில்

மிச்ச உணவு மட்டும் கொடுத்தால் பன்றி வயிறு பெருத்து, முதுகு ஒடுங்கி, எடை ஏறாமல் நிற்கும். நம் ஊர் மிச்சத்தில் பெரும்பகுதி சோறு. மாவுச்சத்து மிகுதி, புரதம் குறைவு. குறிப்பாகத் தசை வளர வேண்டிய லைசின் என்னும் புரதக் கூறு அதில் மிகக் குறைவு.

அதை ஈடுகட்ட, 100 கிலோவுக்கு மக்காச்சோளம் அல்லது குருணை 40, அரிசித் தவிடு 25, கடலைப் புண்ணாக்கு 20, சோயாப் புண்ணாக்கு 13, தாது உப்புக் கலவை 2 என்ற விகிதத்தில் ஒரு கலவை தயாரித்துக்கொள்ளலாம். இதில் ஏறத்தாழ 20 சதவீதம் புரதம் இருக்கும். சமையல் உப்பு சேர்க்கக் கூடாது. அது மிச்ச உணவிலேயே வந்துவிடுகிறது. மழைக்காலத்தில் கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

25 கிலோ எடை வரும்வரை இந்தக் கலவையே முக்கிய உணவு. மிச்ச உணவு ஒரு கிலோவைத் தாண்ட வேண்டாம். குட்டியின் வயிறு சிறியது. தண்ணீர் மிகுந்த உணவை நிரப்பினால் சத்துக்கு இடமிருக்காது. 25 முதல் 50 கிலோ வரை, கலவை ஒரு கிலோவும் மிச்ச உணவு மூன்று முதல் ஐந்து கிலோவும். அதற்கு மேல், கலவையைக் கூட்டாமல் மிச்ச உணவை ஏழு கிலோவரை கூட்டலாம். எந்த மாற்றத்தையும் ஒரு வாரத்தில் படிப்படியாகச் செய்யாவிட்டால் கழிச்சல் வரும். அரை மணி நேரத்தில் தொட்டி காலியாக வேண்டும். மிஞ்சினால் அடுத்த வேளை குறைக்க வேண்டும்.

எடை ஏறுகிறதா என்று கண்ணால் மதிப்பிடுவது ஏமாற்றும். முன்னங்கால்களுக்குப் பின்னே மார்புச் சுற்றளவையும், காதுகளுக்கு நடுவிலிருந்து வாலடிவரை நீளத்தையும் மீட்டரில் அளந்து, சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, பிறகு 69.3ஆல் பெருக்கினால் கிலோ எடை கிடைக்கும். சுற்றளவு 1 மீட்டர், நீளம் 1 மீட்டர் என்றால் ஏறக்குறைய 69 கிலோ. பதினைந்து நாளுக்கு ஒருமுறை எழுதிவைத்தால், கலவையில் எங்கே குறை என்பது சீக்கிரம் தெரிந்துவிடும்.

11. தண்ணீரும் உப்பும்

தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். உப்பு மிகுந்த உணவைத் தின்ற பன்றிக்குத் தண்ணீர் இல்லாமல் போனால் உப்பு நச்சு தாக்கும்: சுவரில் தலையை முட்டும், சுற்றிச் சுற்றி வரும், நாய்போல் உட்கார்ந்து வலிப்பு வரும். அப்போது பதறிப்போய்த் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்தால் மூளை வீங்கி இறந்துவிடும்; மருத்துவர் வரும்வரை சிறிது சிறிதாக, இடைவெளி விட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் நிலத்தடி நீரே உப்பாக இருக்கும் இடங்கள் பல. அங்கே உணவின் உப்பும் தண்ணீரின் உப்பும் சேர்ந்துகொள்ளும். ஆகவே போர் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டே பண்ணை வைக்க வேண்டும்.

12. நோய் அறிகுறி தெரிந்தால்

கடும் காய்ச்சல், தீவனம் எடுக்காமை, காதும் வயிறும் சிவத்தல் அல்லது நீலம் பாய்தல், அடுத்தடுத்துச் சாவு ஆகியவை தெரிந்தால் அந்த நாளே கால்நடை உதவி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மிஞ்சிய பன்றிகளை அவசரமாக விற்பதும், இறந்ததை வாய்க்காலில் தள்ளுவதும் அடுத்த ஊர்ப் பண்ணைகளையும் அழிக்கும். மருத்துவர் சொல்லும் மேட்டு நிலத்தில் ஆழமாகத் தோண்டி, சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும்.

13. சாணமும் கழுவு நீரும்

கழுவு நீர் எந்தக் காரணத்தாலும் பாசன வாய்க்காலில் கலக்கக் கூடாது. அடியில் சிமெண்ட் பூசிய குழியில் சாணத்தையும், பிரித்தெடுத்த இலையையும் வைக்கோலோடு அடுக்கி மக்கவிட்டால் குறுவைக்கு முன் நல்ல எரு கிடைக்கும்.

14. விற்பனைக்கு முந்தைய நான்கு வாரம்

மிச்ச உணவில் வளர்ந்த பன்றியின் கொழுப்பு இளகலாக இருக்கும். வாங்கும் வியாபாரி கையால் அழுத்திப் பார்த்தே விலையைக் குறைப்பார். கடைசி நான்கு வாரம் மிச்ச உணவைப் படிப்படியாக நிறுத்தி, குருணையையும் மேலே சொன்ன கலவையையும் கொடுத்தால் கொழுப்பு இறுகும். தானியச் செலவு கூடுகிறதே என்று இதைத் தவிர்ப்பவர்கள், மிச்சப்படுத்தியதைவிடக் கூடுதலாக விலையில் இழக்கிறார்கள்.

வியாபாரியின் வண்டி பல பண்ணைகளுக்குப் போய்வருவது. அது கொட்டகை வாசலுக்கு வரக் கூடாது. பன்றிகளை வெளி வேலிவரை நடத்திப்போய் ஏற்ற வேண்டும். ஒரு கொட்டிலில் உள்ளவற்றை ஒரே நேரத்தில் விற்று, அதைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, இரண்டு வாரம் காயவிட்ட பிறகே அடுத்த குட்டிகளை உள்ளே விட வேண்டும். அந்த இரண்டு வாரமும் ஓட்டல்களிலிருந்து உணவு எடுப்பதை நிறுத்தாமல், மற்ற கொட்டில்களுக்குப் போக மீதியை எருக்குழியில் சேர்த்துவர வேண்டும். நாம் டிரம்மை எடுக்காமல் விட்டால் வேறொருவர் வந்து எடுத்துக்கொள்வார்.